சேவியரின் ஆம்ப்ளிஃபையரும் ஒரு பவர் பத்திரமும்

1

கனடாவுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று என் மகன் செந்தில் கேக் வாங்கி வந்தான். வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டுகளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதே மேஜையில் ஒரு பவர் பத்திரத்தையும் வைத்தான். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டை விற்பதற்கு, சென்னையில் இருக்கும் அவன் மச்சானுக்கு நான் அதிகாரம் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு வக்கீல் எழுதி அனுப்பியது. எட்டுப் பக்கம். தூதரக அதிகாரி முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

கேக்கைத் தின்றுகொண்டே படித்தேன். மூன்றாம் பக்கத்தில் சர்வே எண் தவறு. ஐந்தாம் பக்கத்தில் வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் இடம் மாறியிருந்தன. இரண்டையும் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.

“இதெல்லாம் உங்க கண்ணுலதான் படும்ப்பா. அதான் மொதல்ல உங்ககிட்ட காட்டினேன்” என்றான்.

கெட்டிக்காரப் பிள்ளை. என் வீட்டை விற்கும் பத்திரத்துக்கு என்னையே பிழை திருத்த வைத்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, தூதரகத்தில் நேரமும் வாங்கியிருந்தான். நான் “பார்க்கலாம்” என்றேன். எங்கள் குடும்பத்தில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதைப் படிக்கும் ஊர் நண்பர்களில் என்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். முப்பத்து நான்கு வருடம் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். நட்டு போல்ட்டிலிருந்து பாய்லர் குழாய் வரை எதையும் மூன்று கொட்டேஷன் இல்லாமல், ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல், ஆய்வுக் குறிப்பு இல்லாமல் கேட்டுக்குள் விட்டதில்லை. என் மேஜைக்கு வந்த கோப்பு திரும்பிப் போகும்போது ஓர் அங்குலமாவது தடித்திருக்கும் என்று மற்றப் பிரிவுக்காரர்கள் சொல்வார்கள். பொறாமை.

2

கேக் தீர்வதற்குள் ராயபுரத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். என் நண்பன் சேவியரின் மனைவி. சேவியர் கப்பல் எலக்ட்ரீஷியன். போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரம்பூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். மூன்றாவது மாடி, இரண்டே அறை.

“அண்ணே, அந்த ஆம்ப்ளிஃபையரை அங்க ஏத்த முடியாது. விக்கப் போறேன். உங்களைக் கேக்காம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு. பெங்களூர்லருந்து ஒருத்தர் வர்றேன்னு நிக்கிறாரு. இன்னும் ரெண்டு வாரத்துல, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வருவாரு. அதுக்குள்ள சொல்லிடுங்க.”

காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வீடு போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபையர் போகிறது. ஆம்ப்ளிஃபையரை வாங்கினால் அதை வைக்க எனக்கு ஒரு வீடு வேண்டும். வீட்டை விற்றால் ஆம்ப்ளிஃபையரை வாங்கிப் பயனில்லை. இரண்டு கோப்புகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு என் மேஜைக்கு வந்திருந்தன.

அது என்ன ஆம்ப்ளிஃபையர் என்று சொல்ல வேண்டும். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பெங்களூர்க்காரர்கள் இன்னும் நான்கு பேர் வருவார்கள். எழுபத்தாறில் சேவியர் யோகோஹாமாவில் வாங்கினான். பதினோரு மாதம் கடலில் இருந்த சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. முப்பது கிலோ. முகப்பு முழுக்க அலுமினியம், வெள்ளித் தட்டு மாதிரி. நடுவில் இரண்டு மீட்டர்கள், மஞ்சள் விளக்கொளியில் முள் ஆடும். ஒலியைக் கூட்டும் குமிழைத் திருப்பினால் எண்ணெயில் சுழல்வது போல வழுக்கும். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் நூறு வோல்ட், நம் ஊரில் இருநூற்று முப்பது. நேராகச் செருகினால் புகைதான் வரும் என்பதால், வோல்டேஜைக் குறைக்கும் இரும்புப் பெட்டி ஒன்றையும் கூடவே சுமந்து வந்தான்.

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவன் வீடு. சேவியர் கரையில் இருக்கும் மாதங்களில் ஞாயிறு மதியம் அங்கே போய்விடுவேன். வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் ஒரு நாகசுர ரெக்கார்டைப் போட்டான். வாசிப்பவர் முதல் சுரத்தைப் பிடிப்பதற்கு முன்னால் மூச்சு இழுத்தது கேட்டது. வாத்தியம் இல்லை, மூச்சு. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் வித்வான்கள் யாருமே மூச்சு விட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து சேவியர் சிரித்தான். அன்றிலிருந்து எனக்கு அந்த மெஷின் வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பேன். “நான் செத்தப்பறம் கேளு மாமு, யோசிக்கிறேன்” என்பான். வேறொன்று வாங்க எனக்கு வழியில்லை. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, இரண்டு தங்கைகள் கல்யாணம் என்று சம்பளத்துக்கு வருடக்கணக்கில் முன்பதிவு இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. வரிசை எண்படி போனதில் இந்த இண்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, இருபத்தேழு வருடம் கீழேயே கிடந்தது. அவ்வளவுதான்.

3

இங்கே நாங்கள் இருப்பது பன்னிரண்டாவது மாடி. காலையில் பேத்தியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும். பிறகு நூலகம். பிறகு மருந்து. மாலையில் மறுபடி பேருந்து நிறுத்தம். இதற்கு நடுவே நான் பாட்டுக் கேட்பது ஹெட்போனில். முதல் மாதம் கேசட் பிளேயரில் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டவில்லை; இங்கே அப்படித் தட்ட மாட்டார்கள். கட்டட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, மிகவும் மரியாதையாக. மறுநாள் செந்தில் ஹெட்போன் வாங்கி வந்தான். ஐந்து வருடமாக இந்த வீட்டில் நான் இருப்பதற்கான சத்தம் எதுவும் கிடையாது. நான் தலையாட்டுவதைப் பார்த்துத்தான் பாட்டு ஓடுகிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

என் ஆங்கிலம் இலக்கண சுத்தமானது என்பது என் அபிப்பிராயம். டாக்டரின் வரவேற்பறையில், அடுத்த வாரம் நான் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று சொன்னேன். அந்தப் பெண் அக்கறையோடு, எந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்பீர்கள், யாராவது அழைத்து வர வேண்டுமா என்று கேட்டாள். நவம்பர் வந்தால் நான் உயிரோடு இருப்பதை ஓய்வூதிய அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டரியிடம் போவேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, திருப்தியாகி, முத்திரை குத்துவார். ஒரு வருடத்துக்கு உத்தரவாதம்.

செந்தில் காலடிப்பேட்டைத் தெருவில் கோலி ஆடி வளர்ந்தவன். “இன்னாடா”, “குந்து”, “வூடு” எல்லாம் அவன் வாயில் இருந்தன; அதற்காக அவன் அம்மாவிடம் உதையும் வாங்கியிருக்கிறான். இப்போது ஊரிலிருந்து ஏழுமலை போன் செய்தால் செய்தி வாசிப்பவர் மாதிரி “வணக்கம், நலமாக இருக்கிறீர்களா” என்கிறான். ஏழுமலை என்னிடம் கேட்டான், “இன்னா சார், புள்ளைக்கு எம்மேல கோவமா?” ஏழுமலை எங்கள் தொழிற்சாலையில் மோட்டார் வைண்டிங் செய்தவன், எம்.கே.பி. நகரில் இருக்கிறான். வாரம் ஒரு முறை காலடிப்பேட்டை வீட்டைத் திறந்து காற்றோட்டம் காட்டுவது அவன்தான்.

ஊர் ஏக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அந்த வியாதி இல்லை. எண்ணூர்ப் பக்கத்துக் காற்றை முப்பத்து நான்கு வருடம் மூக்கால் வடிகட்டியவன் நான். மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாம்பல் வேட்டியாக எடுத்து வருவோம். கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே சைக்கிள் ஓட்டியதை நினைத்து எனக்குக் கண்ணீர் வருவதில்லை. இங்கே குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வருகிறது, அதைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் கேட்டது ஊரை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு ஒரு பாட்டு வைக்க, என் பெயரில் ஓர் அறை.

4

வாங்குவதென்றால் முறைப்படி வாங்க வேண்டும். வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போட்டேன். பொருள்: ஆம்ப்ளிஃபையர், ஒன்று. நிலை: பழையது. கொட்டேஷன்: ஒன்றே ஒன்று. வேறெங்கும் கிடைக்காத பொருளுக்கு விதிவிலக்கு உண்டு, அதற்கு ஒரு சான்றிதழ் எழுத வேண்டும், எழுதினேன். நான்காவது கட்டம், தேவைக்கான காரணம். அங்கே பேனா நின்றுவிட்டது.

நான் திருப்பி அனுப்பிய இண்டென்ட்டுகளில் பாதி இந்தக் கட்டத்துக்காகத்தான். ‘அவசரம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவேன். ‘மேலிடத்து வாய்மொழி உத்தரவு’ என்றால் நானே நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன். இப்போது எனக்கு நான் என்ன எழுதுவது? பாட்டுக் கேட்க என்றால் ஹெட்போன் இருக்கிறது. நண்பன் நினைவாக என்றால் சேவியரே சிரிப்பான். அரை மணி நேரம் கழித்து, ‘எனக்கு வேண்டும்’ என்று எழுதினேன். இப்படி ஒரு தாள் என் மேஜைக்கு வந்திருந்தால் எழுதியவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பேன். ஆனாலும் கோடு போட்டு அடிக்கவில்லை. அப்படியே விட்டேன்.

அடுத்தது ஆய்வு. ஏழுமலையை ராயபுரம் போகச் சொன்னேன். அவனுக்கு மகன் புதிதாக ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்திருந்தான். வெளிநாட்டுக்குப் பேசும் ஐந்து டாலர் போன் அட்டை ஒன்றின் ரகசிய எண்ணைச் சுரண்டினேன். கையெழுத்து நாளுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை. அவர்களுக்கு மாலை, எங்களுக்குக் காலை. செந்திலும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். என் மனைவி சரோஜா கீரை ஆய்ந்துகொண்டு, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினை அவன் நேராகக் கரண்டில் செருக மாட்டான். நடுவில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பான். மெஷின் நல்லபடி இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் மங்காது. மெஷின் எரிவதற்குப் பதிலாக பல்பு எரியும். நம் பக்கத்து ரேடியோக்காரர்கள் எல்லோரும் நம்புவது இந்த பல்பைத்தான்.

முதலில் நல்ல செய்தி வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே துருவும் இல்லை, பூச்சியும் இல்லை. டீச்சரம்மா தொடைச்சித் தொடைச்சி வெச்சிகீது என்றான். பிறகு வயர்களை மாட்டுகிற சத்தம். சுவிட்ச் போடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

“இன்னாச்சு ஏழுமலை?”

“பல்பு கொறையவே மாட்டேன்னுது சார். கல்யாண வூடு கணக்கா எரியுது.”

“இன்னொரு தடவை போட்டுப் பாரு.”

“மூணு தபா போட்டுட்டேன். உள்ள ஷார்ட்டு சார். இதுக்கு ஸ்பேரு எங்கயும் கெடைக்காது. வுட்டுடு. பெங்களூர்க்காரன் தலைல டீச்சரம்மா கட்டட்டும். நானும் கேக்கணும்னு இருந்தேன், இத்த வாங்கி இன்னா பண்ணப் போற நீ? நீ அங்க குந்திகினு கீற, இது இங்க குந்திகினு இருக்கும்.”

ஸ்டெல்லா டீச்சர் போனை வாங்கினார். குரல் இறங்கியிருந்தது. சேவியர் போன பிறகு ஒரு தடவைகூட அதைப் போடவில்லை என்றார். கூடவே ஏதோ ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றியும் சொன்னார். என் மனம் பல்பிலேயே இருந்ததால் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அட்டையில் நிமிடம் தீர்ந்து, இணைப்பு போயிற்று.

5

அன்று சாயங்காலம் சரோஜா எல்லாவற்றையும் செந்திலிடம் சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அஞ்சு வருஷமா பூட்டிக் கெடக்குற வீடுப்பா. யாருக்காக அதை வச்சிருக்கணும்?”

“ஆம்ப்ளிஃபையருக்காக.”

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினான். நிதானமாகப் பேசினான். எனக்கு வயது அறுபத்து ஏழு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது, இங்கே ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடத்தில் வரும். அந்த வீட்டுப் பணத்தில் இங்கே தரையோடு ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். அதில் எனக்கென்று ஒரு அறை இருக்கும். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. என் மேஜைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

“அந்த அறையில சத்தமா பாட்டு வைக்கலாமா?” என்றேன்.

“பேஸ்மென்ட்ல வேணா...” என்று இழுத்தான்.

எழுபத்தாறிலிருந்து காத்திருந்து பேஸ்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். சரோஜா குறுக்கே விழுந்தாள். “அந்த மெஷினைப் பத்திப் பேசும்போது இவர் மொகத்தைப் பாரேன். நாப்பது வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு நாளாவது இப்படி இருந்திருக்கா?” இந்தப் புகாரை நான் கோப்பில் ஏற்கவில்லை.

பல்பு மங்காமல் எரிந்துவிட்டதே என்று எனக்குள் ஒரு குரல். ஆய்வில் தோற்ற பொருளை வாங்கக் கூடாது. அது நானே எழுதிய சுற்றறிக்கை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று செந்திலிடம் சொன்னேன். அன்று ஹெட்போனைக்கூட எடுக்கவில்லை.

6

மறுநாள், வியாழக்கிழமை, சவரம் செய்துகொண்டிருந்தபோது கை நின்றது.

தொழிற்சாலைக்கு ஒரு முறை பம்ப்செட் வந்தது. பம்ப், மோட்டார், ஸ்டார்ட்டர் மூன்றும் ஒரே பெட்டியில். ஓடவில்லை என்று மொத்தத்தையும் நிராகரித்துவிட்டார்கள். நான் திருப்பி அனுப்பவிடவில்லை. சேர்ந்து வந்தாலும் பிரித்துச் சோதி, ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு எண் போடு என்று சண்டை போட்டேன். கெட்டது ஸ்டார்ட்டர் மட்டும்தான். அதற்குப் பிறகு அது எங்கள் பிரிவில் விதியாயிற்று. அந்த விதியை எழுதியவனே நேற்று இரண்டு பொருளுக்கு ஒரே குறிப்பில் தீர்ப்பு எழுதியிருக்கிறான்.

பாதி முகத்தில் சோப்போடு இன்னொரு அட்டையைச் சுரண்டினேன். ஏழுமலையை மறுபடி ராயபுரம் போக வைப்பது சுலபமாக இல்லை. பஸ் கூட்டம், கால் வலி, இன்னா சார் பேஜாரு என்று முனகினான். ஒரு மணி நேரம் கழித்து அங்கிருந்து பேசினான்.

“ஆம்ப்ளிஃபையரைக் கழட்டித் தனியா வை. வோல்டேஜ் கொறைக்கிற பெட்டி இருக்கு பாரு, அதை மட்டும் பல்போட சேர்த்துப் போடு.”

“பொட்டில இன்னா சார் கீது? வெறும் கம்பி சுத்தினது.”

“போடு.”

சுவிட்ச் சத்தம்.

“சார், மெஷினு கீழ குந்தினு கீது. எதுலயும் மாட்டல. பல்பு அப்பவும் எரியுது.”

“அப்ப ஷார்ட் எதுல?”

“பொட்டில.”

“நீ வைண்டிங் செக்‌ஷன்ல எத்தனை வருஷம் இருந்தே?”

“அசிங்கப்படுத்தாத சார். இருபத்தாறு.”

பின்னால் டீச்சர் சிரிப்பது கேட்டது. ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எம்.கே.பி. நகர் போகிறேன், பழைய கம்பியை அவிழ்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றுகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் போன் போடு என்றான். கடல் காற்று அடிக்கிற இடத்தில் இருபத்தேழு வருடம் இருந்த கம்பி. உள்ளே இன்சுலேஷன் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பழியைத்தான் ஆம்ப்ளிஃபையர் மேல் போட இருந்தோம்.

ஆனால் நடுவில் வெள்ளிக்கிழமை இருந்தது. வக்கீல் திருத்தி அனுப்பிய பத்திரம் திங்கட்கிழமையே வந்திருந்தது. சர்வே எண்ணைச் சரி செய்தவர், வடக்கையும் தெற்கையும் அப்படியே விட்டிருந்தார். நான் அன்றே பார்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. வியாழன் மாலை செந்தில் வந்ததும் எடுத்து நீட்டினேன். எல்லை தவறான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் பதிவாளர் திருப்பி அனுப்புவார், புதிதாக அடித்து வரட்டும் என்றேன்.

“வேணும்னே பண்றீங்களாப்பா?”

“நடைமுறை” என்றேன்.

சனிக்கிழமை காலை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் போனோடு பால்கனிக்குப் போய்விட்டேன். புதுக் கம்பி சுற்றிய பெட்டியோடு ராயபுரத்தில் பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கியது என்று ஏழுமலை சொன்னான். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகப் போட்டான். சில விநாடி கழித்து மெஷினுக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்ததே, அது எனக்கே கேட்டது. ஒலி பாயலாம் என்று உள்ளே இருக்கும் ரிலே கொடுக்கிற அனுமதி அது. மீட்டர் இரண்டும் எரிகின்றன என்றார் டீச்சர். இடது பக்க ஸ்பீக்கரில் இரைச்சல்கூட வரவில்லை; ஏழுமலை ஒரு சுவிட்சை நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளினான், வந்துவிட்டது.

டீச்சர் ரெக்கார்ட் போட்டார். நாகசுரம். ஏழுமலை போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், தகர டப்பாவில் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. போன் அட்டை வழியாக ஆம்ப்ளிஃபையரை மதிப்பிட முயன்ற முதல் மடையன் நானாகத்தான் இருப்பேன். மூச்சாவது, மண்ணாங்கட்டியாவது. ஆனால் அந்தக் கொசுச் சத்தத்துக்கு நடுவே தெருவிலிருந்து யாரோ ஓர் ஆள் கத்தியது தெளிவாகக் கேட்டது.

“டீச்சர், இன்னா வூட்ல விசேசமா? இன்னும் கொஞ்சம் சத்தமா வையி!”

நான் பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். அத்தனை ஜன்னல்களும் சாத்தியிருந்தன. எனக்கு அதற்கு மேல் ஆய்வு தேவைப்படவில்லை.

டீச்சர் போனை வாங்கினார். “சொல்லுங்கண்ணே. நாளைக்கு அவர் வந்து நின்னுடுவாரு. அஞ்சு வருஷம் ஐஸ்ல இருந்து முடிவெடுக்கவே மறந்துட்டீங்களா?”

“எடுத்துக்கிறேன் டீச்சர்.”

“எங்க வைப்பீங்க?”

“காலடிப்பேட்டையில. என் வீட்டுல.”

“வீடு விக்கறதா ஏழுமலை சொன்னாரே?”

“ஏழுமலைக்கு யார் சொன்னது?”

“உங்க பையன்தான் சாவியை மச்சான்கிட்ட குடுக்கச் சொல்லிப் போன் பண்ணாராம். ஏழுமலை குடுக்கல. சார் சொல்லட்டும்னு வச்சிகினு இருக்காரு.”

எனக்கு இது தெரியாது. ஏழுமலையும் சொல்லவில்லை, செந்திலும் சொல்லவில்லை. விற்கவில்லை டீச்சர் என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை இந்த இரண்டு வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன் என்று தெரிந்தது.

7

கத்தலாம் என்று நினைத்தேன். பிறகு, நான் கத்தி எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை என்பதால், எழுத உட்கார்ந்தேன்.

அலுவலகக் குறிப்பு. பத்தி ஒன்று: மேற்படி ஆம்ப்ளிஃபையர் சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, கிரயம் என் ஓய்வூதியக் கணக்கிலிருந்து. பத்தி இரண்டு: அது காலடிப்பேட்டை வீட்டின் கூடத்தில் வைக்கப்படும், ஆகவே வீடு விற்பனைக்கு இல்லை. பத்தி மூன்று: நவம்பர் முதல் மார்ச் வரை நான் அங்கே இருப்பேன், மற்ற மாதங்கள் இங்கே. இந்த நாட்டின் வசிப்பு உரிமைக்கும் மருத்துவ அட்டைக்கும் எத்தனை நாள் இங்கே இருக்க வேண்டுமோ அதைக் கணக்கிட்டுவிட்டேன், போதும். இதய டாக்டர் ராயபுரத்திலும் உண்டு. பத்தி நான்கு: சாவி ஏழுமலையிடமே இருக்கும்.

சரோஜாவிடம் காட்டினேன். மூன்றாம் பத்தியில் விரலை வைத்தாள். “நான்னு எழுதியிருக்கீங்க. குளிர்ல எனக்கு முட்டி வலி இல்லையா? நாங்கள்னு மாத்துங்க. ஆனா ஆம்ப்ளிஃபையருக்காகத்தான் ஊருக்கு வர்றோம்னு எவகிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்.” திருத்திச் சுருக்கொப்பம் போட்டேன்.

செந்தில் சமையலறையில் நின்றபடியே படித்தான். இரண்டு முறை படித்தான். சாவி விஷயம் வந்த இடத்தில் காது சிவந்தது. “அதை உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்” என்றான். ஆமாம் என்றேன். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தான், ஏதோ விட்டுப்போனது போல.

“ஸ்பீக்கர்?”

“என்ன?”

“இது ஆம்ப்ளிஃபையர்தானேப்பா. ஸ்பீக்கர் எங்க இருக்கு?”

அப்போதுதான் ஸ்டெல்லா டீச்சர் புதன்கிழமை போனில் சொன்னது முழுதாக என் காதில் விழுந்தது. சேவியரின் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கரையான் அரித்துப் போன வருடமே தூக்கிப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பாடியது, சோதித்துப் பார்க்க டீச்சர் இரவல் வாங்கி வைத்திருந்த பக்கத்துத் தெரு மைக் செட்காரரின் பெட்டிகள். முப்பத்து நான்கு வருடம், துணைப்பாகங்கள் பட்டியல் இல்லாத எந்த இண்டென்ட்டையும் நான் ஏற்றதில்லை. வாயே பேசாத ஒரு மெஷினை முறைப்படி, நான்கு பத்தியில், வாங்கியிருக்கிறேன்.

முதலில் சிரித்தது சரோஜா. செந்தில் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. “பர்ச்சேஸ் ஆபீசர்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மருமகளும் பேத்தியும் என்னவென்று பார்க்க வந்துவிட்டார்கள்.

பிறகு அவன் பேனாவை எடுத்தான். என் குறிப்பின் பின்பக்கத்தில் ஒரு செவ்வகம் போட்டான். வாசல் கதவு, தெருப்பக்க ஜன்னல், பூஜை அலமாரி, மாடிப்படி. காலடிப்பேட்டை வீட்டின் கூடம். ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஜன்னலை ஒட்டி நான் விரல் வைத்ததும் கையைத் தள்ளிவிட்டான்.

“இங்க வேணாம். இந்தச் சுவரு மழைக்கு ஓதம் காக்கும். இன்னொரு தபா ஷார்ட்டாயிடும். இந்தப் பக்கம் வையுங்க. ஸ்பீக்கர் ரெண்டும் இங்கயும் இங்கயும்.”

இரண்டு பெட்டி வரைந்தான். பார்த்தான். பிறகு தான் யார் கட்சி என்பது ஞாபகம் வந்தவன் போல பேனாவை மூடினான்.

“ஆனா வீட்டை வச்சிக்கிறதுக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல.”

தாளை அவன் கையிலிருந்து வாங்கி, முன்பக்கம் திருப்பி, தலைப்பைக் காட்டினேன்.

“படி. ‘ஒப்புதலுக்கு’ன்னு எங்கயாவது எழுதியிருக்கா? ‘தகவலுக்கு’ன்னுதான் எழுதியிருக்கேன்.”